எட்டும் ஏழும் எப்படிப் பதினைந்தாகிறது? மரியா மொன்டிசோரியின் கதை

அக்காவின் மகளுக்கு ஆறு வயது. முதலாம் தரத்தில் படிக்கிறாள். எட்டும் ஏழும் எத்தனை என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் பதினைந்து என்பாள். கூட்டல் வாய்பாட்டை வீதியால் போகிறவர்களுக்கும் கேட்கும்படி ஒப்புவிப்பாள். போன மாதம் மின்சாரம் நின்றுபோன ஒரு மாலையில், பொழுதைப் போக்குவதற்காக அவளுக்கு முன்னால் புளியங்கொட்டைகளைப் பரப்பினேன். எட்டுக் கொட்டைகள் ஒரு பக்கம், ஏழு மறுபக்கம். இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிட்டு, இப்போது எத்தனை இருக்கிறது என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், கொட்டைகளைப் பார்த்தாள், பிறகு ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். நடுவில் ஒன்றைத் தவறவிட்டு பதினான்கில் முடித்தாள். எட்டும் ஏழும் பதினைந்து என்றுதானே படித்தாய் என்று கேட்டேன். அது வாய்பாடு, இது புளியங்கொட்டை என்று மிகவும் பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினாள்.

அவள் போன வருடம் வரை போய்வந்த இடத்தின் பெயர்ப் பலகையில் மொன்டிசோரி என்று எழுதியிருக்கிறது. எங்கள் பகுதியில் முன்பள்ளிக்கே அதுதான் பெயர். பிள்ளை மொன்டிசோரிக்குப் போகிறதா என்றுதான் கேட்போம். அது ஒரு பெண்ணின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் பல்கலைக்கழகம் போகும்வரை தெரியாது. அந்தப் பெண் இத்தாலிய மருத்துவர், இரண்டு உலகப் போர்களுக்குள்ளால் நடந்தவர், எங்கள் தீவுக்கு வந்துபோனவர். என் பெறாமகள் அன்று சொன்ன அந்தப் பதிலோடுதான் அவர் வாழ்நாளில் பெரும்பகுதி சண்டை பிடித்தார். அதனால் இந்தக் கதையை எழுதவேண்டும் போலிருந்தது.

மரியா மொன்டிசோரி 1870 ஓகஸ்ட் 31 அன்று இத்தாலியின் கியாரவல்லே என்ற சிறு ஊரில் பிறந்தார். தகப்பன் அரச உத்தியோகத்தர். ஒரே பிள்ளை. பெண்பிள்ளைகள் ஆசிரியைகளாக வரலாம், அதற்குமேல் ஆசைப்படக்கூடாது என்றிருந்த காலத்தில், பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலையில் போய்ச் சேர்ந்தார். கணிதம் பிடித்திருந்தது. பொறியியலாளராக வர விரும்பினார். பிறகு மனம் மாறி மருத்துவம் என்றார். தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை, தாய் விட்டுக்கொடுக்கவில்லை. 1896 இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் என்று அவரைப் பற்றி எங்கும் எழுதுகிறார்கள். அது சரியல்ல, அவருக்கு முன்பும் ஒரு சிலர் இருந்தார்கள். ஆனால் பிணப் பரிசோதனை அறையில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து நிற்கக்கூடாது என்பதால், அவர்கள் போனபிறகு தனியே நின்று படிக்கவேண்டியிருந்தது என்பது உண்மை.

பட்டம் பெற்றதும் மனநோயாளர் விடுதிகளுக்குப் போய்வந்தார். அங்கே பெரியவர்களோடு சேர்த்துச் சிறு பிள்ளைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். புத்தி வளராதவை என்று வீட்டாரும் பாடசாலையும் கைவிட்ட பிள்ளைகள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் நிலத்தில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைப் பராமரிப்பாளர் அருவருப்போடு காட்டியதாக ஒரு கதை உண்டு. மரியா பார்த்தது வேறு. அந்த வெறும் அறையில் பிள்ளைகளின் கைகளுக்குப் பிடிக்கவும் உருட்டவும் வேறெதுவும் இல்லை. துணுக்குகளைத் தின்பதற்காக அல்ல, தொடுவதற்காகவே அவை தேடின என்று அவர் எண்ணினார்.

இதற்குப்பிறகு அவர் இதார், செகேன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் பழைய நூல்களைத் தேடிப் படித்தார். புலன்களையும் கைகளையும் பழக்கி, ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்று அவர்கள் அரை நூற்றாண்டுக்கும் முன்பே எழுதி வைத்திருந்தார்கள். மரியா அவற்றைக் கைப்பட இத்தாலிய மொழியில் எழுதி எடுத்தார், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படிப்பதற்காக. பிறகு அந்தப் பிள்ளைகளோடு வேலை செய்தார். அவர்களில் சிலர் சாதாரணப் பிள்ளைகள் எழுதும் அரச பரீட்சையில் சித்தியடைந்தார்கள். எல்லோரும் அதிசயப்பட்டார்கள். மரியாவுக்கு வந்த யோசனை வேறு: கைவிடப்பட்ட பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரமுடியுமென்றால், நல்ல சுகதேகிகளான பிள்ளைகளை எங்கள் பாடசாலைகள் என்ன செய்து இந்த மட்டத்திலேயே பிடித்து வைத்திருக்கின்றன?

இந்தக் காலத்தில்தான் அவருடைய சொந்த வாழ்க்கையின் பெரிய துயரமும் நடந்தது. கூட வேலைசெய்த மருத்துவர் ஜியுசெப்பே மொன்டெசானோவோடு ஏற்பட்ட உறவில் 1898 இல் மாரியோ என்ற ஆண்பிள்ளை பிறந்தது. திருமணம் நடக்கவில்லை. வெளியே தெரிந்தால் தொழிலும் பெயரும் போய்விடும். பிள்ளையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். உலகத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய தாய் தன் பிள்ளையைப் பார்வையாளராகவே போய்ப் பார்த்துவந்தார். மாரியோ தாயிடம் வந்து சேர்ந்தபோது அவருக்குப் பதினைந்து வயதாகியிருந்தது. அதன்பிறகும் நெடுங்காலம் வெளியாருக்கு அவர் உறவுக்காரப் பையன், அல்லது வளர்ப்பு மகன்.

1907 ஜனவரி 6. ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைகள் குடியிருப்பில் முதலாவது பிள்ளைகள் இல்லம் திறக்கப்பட்டது. அதன் பின்னணி ஒன்றும் புனிதமானதல்ல. தாய் தகப்பன் வேலைக்குப் போனபின் மாடிக் குடியிருப்புகளில் தனித்துவிடப்பட்ட சிறுபிள்ளைகள் சுவர்களைக் கிறுக்கி, படிகளை உடைத்துத் திரிந்தார்கள். கட்டடத்தைப் பொறுப்பெடுத்திருந்த நிறுவனம், திருத்த வேலைக்குச் செலவழிக்கும் காசில் பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டது. மரியாவை அழைத்தார்கள். மூன்று வயது முதல் ஆறு, ஏழு வயது வரை சுமார் ஐம்பது பிள்ளைகள். பெரும்பாலான பெற்றோருக்கு எழுத வாசிக்கத் தெரியாது.

அங்கே அவர் எண்ணைக் கற்பிக்கத் தொடங்கியது காசில். சில்லறைக் காசுகளைக் கொடுத்து மாற்றச் சொன்னார். கடைக்கு அனுப்பப்படும் ஏழைப் பிள்ளைகளுக்கு மிச்சக்காசு வாங்குவது விளையாட்டல்ல, வீட்டுப் பிரச்சினை. ஆகவே கவனமாகச் செய்தார்கள்.

அடுத்து வந்தவை கோல்கள். பத்து மரக்கோல்கள். மிகச் சிறியது 10 சென்ரிமீற்றர், மிகப் பெரியது ஒரு மீற்றர். ஒவ்வொரு 10 சென்ரிமீற்றருக்கும் சிவப்பு, நீலம் என்று மாறி மாறி நிறம். ஐந்தாம் கோலைத் தூக்கினால் ஐந்து என்பது ஒரே பொருளாகக் கையில் இருக்கும், தனித்தனி ஐந்து துண்டுகளாக அல்ல. பத்தாம் கோலைத் தூக்கச் சிறு பிள்ளை இரு கைகளையும் விரிக்கவேண்டும். பத்து பெரியது என்பது தோளுக்கும் தெரியும்.

கோல்களைப் படிக்கட்டுபோல அடுக்கியபின், ஒன்பதாம் கோலின் நுனியில் ஒன்றை வைத்தால் பத்தின் நீளம் வருகிறது. எட்டோடு இரண்டு. ஏழோடு மூன்று. ஆறோடு நான்கு. ஐந்து மட்டும் துணையில்லாமல் மிஞ்சும். அந்த ஐந்தை அதே இடத்திலிருந்து ஒருமுறை புரட்டிப் போட்டால் அதுவும் பத்தில் முடியும். கூட்டல் என்ற சொல்லைச் சொல்லுமுன்பே பிள்ளை கூட்டல் செய்துவிடுகிறது. எட்டோடு மூன்றை வைத்தால் நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிழை என்று ஒருவர் சொல்லத் தேவையில்லை, அடிமட்டத்தால் விரல்மொழியில் தட்டவும் தேவையில்லை. பிள்ளையே கோலை எடுத்து வேறொன்றை வைத்துப் பார்க்கும். பிழை விட்டதற்காக விரல்மொழி வீங்கிய பரம்பரையைச் சேர்ந்தவள் நான். மொன்டிசோரியைப் படித்தபோது என்னை முதலில் நிறுத்தியது இந்த இடம்தான்.

பூச்சியத்துக்கு ஒரு விளையாட்டு வைத்திருந்தார். பிள்ளையைப் பார்த்து, பூச்சியம் முறை என்னிடம் வா என்பார். அது ஓடிவரும். நீ ஒருமுறை வந்துவிட்டாயே என்பார். திரும்பச் சொல்வார், திரும்ப ஓடிவரும். கடைசியில் ஒருவருக்கு விளங்கும், அசையாமல் இருந்து சிரிக்கும். மற்றவர்களும் அசையாமல் இருக்கத் தொடங்குவார்கள். பூச்சியம் என்பது ஒன்றுமில்லை என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் வராத விளக்கம் அந்த அசையாமையில் வந்துவிடும்.

பிற்பாடு மணிகளும் வந்தன. ஒரு தனி மணி ஒன்று. கம்பியில் கோத்த பத்து மணிகள் பத்து. பத்துக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கிய கனவடிவம் ஆயிரம். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு தட்டில் தங்கள் எண்ணை மணிகளாகக் கொண்டுவந்து ஒரு துணியில் கொட்டுவார்கள். தனி மணிகள் பத்துச் சேர்ந்தால், அவற்றை வங்கியாக இருக்கும் பிள்ளையிடம் கொடுத்து ஒரு பத்துக் கம்பி வாங்கவேண்டும். நாங்கள் பாடசாலையில் ஒன்றைக் கையில் வைத்துக்கொள் என்று படித்தோமே, அந்த ஒன்று எங்கிருந்து வந்தது, ஏன் அடுத்த வரிசைக்குப் போகிறது என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒன்று உண்மையில் ஒன்றல்ல, பத்து. மணிகளோடு இருக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது தெரியும். எனக்கு அது முப்பது வயதைத் தாண்டித்தான் சரியாக விளங்கியது என்று சொல்ல வெட்கமில்லை.

இந்த இடத்தில் மொன்டிசோரியைப் பற்றி ஒரு தவறான கதை உலாவுகிறது, அவர் மனனத்துக்கு எதிரி என்று. அப்படியல்ல. கூட்டல் வாய்பாட்டை மனதில் இருத்தவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதற்கென்றே கட்டம் போட்ட பலகையும், ஒன்று முதல் ஒன்பது வரையான சிவப்பு, நீலப் பட்டிகளும் செய்தார். ஒன்று முதல் ஒன்பது வரை எந்த எண்ணையும் எந்த எண்ணோடும் கூட்டினால் மொத்தம் 81 கணக்குகள். பட்டிகளை மாற்றி வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு, எட்டும் ஏழும், ஏழும் எட்டும் ஒரே இடத்தில் முடிவது கண்ணில் படும். அப்போது பாதியை விட்டுவிடலாம். மிஞ்சுவது 45. அந்த 45 ஐ மனனம் செய்வது பிள்ளைக்குத் தண்டனையாக இருக்காது, ஏற்கெனவே போய்வந்த ஊர்களின் பெயர்களைச் சொல்வதுபோல இருக்கும். மனனம் முதலில் வரக்கூடாது, கடைசியில் வரவேண்டும். அவருடைய வாதம் இவ்வளவுதான்.

1908 டிசம்பர் 28 அன்று மெசினா நகரைப் பூகம்பம் தரைமட்டமாக்கியது. இடிபாடுகளுக்குள் தனியே கண்டெடுக்கப்பட்ட ஏறக்குறைய அறுபது அனாதைப் பிள்ளைகளை ரோமிலிருந்த ஒரு கன்னியர் மடத்தில் வைத்துப் பராமரித்தார்கள். பலருக்குத் தங்கள் பெயரே தெரியவில்லை. பேசவில்லை, சாப்பிடவில்லை, இரவில் அலறி அழுதார்கள். அந்த மடத்தில் மொன்டிசோரியின் முறையில் ஓர் இல்லம் திறந்தார்கள். சிறிய மேசைகள், சிறிய கதிரைகள், அவர்கள் கையால் செய்யக்கூடிய சிறிய வேலைகள். துடைப்பது, அடுக்குவது, எண்ணுவது. மெல்ல மெல்லச் சாப்பிடத் தொடங்கினார்கள், நித்திரை கொண்டார்கள், பிறகு ஓடித்திரிந்தார்கள். மரியா இதைப் பற்றிப் பின்னர் எழுதியிருக்கிறார். பயந்த பிள்ளைக்கு உலகம் திரும்பவும் நம்பத்தக்கதாக வருவது முதலில் கைவழியாக என்று நான் அதை வாசித்துக்கொண்டேன். எட்டோடு இரண்டை வைத்தால் நேற்றும் பத்து, இன்றும் பத்து. எல்லாம் இடிந்த பிள்ளைக்கு அது சின்ன விஷயமல்ல.

எனக்கு இதை வாசிக்கும்போது வேறு ஒரு எண்ணிக்கை ஞாபகம் வந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது எனக்கு ஆறு வயது. மழை. சனம் அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தது. நாவற்குழிப் பாலம் வரை அம்மா நின்று நின்று எங்கள் தலைகளைத் தொட்டு எண்ணினார். எங்கள் நாலு பேரின் தலை முதலில், பிறகு பெரியம்மாவின் பிள்ளைகள் மூன்று பேரின் தலை, பிறகு ஏழு என்று வாய்விட்டுச் சொல்வார். இருட்டில் கண் உதவவில்லை, கைதான் உதவியது. ஒருமுறை ஆறில் நின்றுவிட்டது. தம்பி பெரியம்மாவின் சைக்கிளுக்குப் பின்னால் நின்றிருந்தான். அந்த ஒரு நிமிடம் அம்மாவின் கை என் தலையில் இருந்த பாரம் இப்போதும் எனக்குத் தெரியும். நாலும் மூன்றும் ஏழு என்று நான் படித்தது அன்றுதான்.

அதன்பிறகு வன்னியில் மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் நடந்த வகுப்புகளில் கூட்டலைப் பாட்டாகப் படித்தோம். கொப்பி இல்லை, வெண்கட்டி இல்லை, ஒரு ஆசிரியைக்கு எத்தனையோ பிள்ளைகள். அந்த ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மனனம் சுமக்கப் பாரமில்லாதது. ஓடும்போது கையில் எடுக்கத் தேவையில்லை. எங்கள் சமூகம் அதை இவ்வளவு இறுக்கிப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதன் பலவீனத்தையும் நாங்களே கண்டோம். இரண்டு இடப்பெயர்வுகளுக்கு நடுவில் வகுப்பு மூன்று மாதம் நின்றுபோனால் பாட்டின் நடுவில் ஓரிடம் அறுந்துபோகும். அறுந்த இடத்தைத் தானாகக் கட்டிக்கொள்ள எங்களுக்கு வழி தெரியாது. எட்டும் ஏழும் மறந்துபோனால் மறந்ததுதான். எட்டைப் பத்தாக்க இரண்டு வேண்டும், ஏழில் இரண்டை எடுத்தால் ஐந்து மிச்சம் என்று கையால் தெரிந்த பிள்ளை எந்த முகாமிலும், எந்த மரத்தடியிலும் அந்தப் பதினைந்தைத் திரும்பச் செய்துகொள்ளும். படிப்பு அடிக்கடி அறுந்த எங்கள் பிள்ளைகளுக்கு விளங்கிப் படிப்பது ஆடம்பரம் என்று சொன்னவர்களை நான் சந்தித்திருக்கிறேன். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது.

போரில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி மொன்டிசோரியும் யோசித்தார். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 இல் வெள்ளைச் சிலுவை என்ற ஓர் அமைப்புக்குத் திட்டம் போட்டார். செஞ்சிலுவைச் சங்கம் காயப்பட்டவர்களைப் பார்ப்பதுபோல, பிள்ளைகளின் மனக்காயத்தைப் பார்க்க, தாதியர் பயிற்சியும் பெற்ற ஆசிரியர்களைக் குழுக்களாக அழிவுப் பிரதேசங்களுக்கு அனுப்பவேண்டும் என்றார். யாரும் காசு கொடுக்கவில்லை. திட்டம் கடதாசியிலேயே நின்றுவிட்டது.

அதற்குமுன்பே அவருடைய பெயர் உலகெங்கும் போயிருந்தது. 1915 இல் சான் பிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறையில் பிள்ளைகள் வேலை செய்ய, வெளியே சனம் நின்று பார்த்தது. புகழோடு பிடிவாதமும் வந்தது. தன் பொருட்களையும் பயிற்சியையும் தன் கையை விட்டுப் போகாமல் காத்தார். அதனால் நல்ல ஆதரவாளர்கள் சிலரை இழந்தார். ஏழைக் குடியிருப்பில் பிறந்த முறை வசதியானவர்களின் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. 1924 முதல் முசோலினியின் ஆதரவை அவர் ஏற்றுக்கொண்டார். பாசிச அரசின் பணத்தில் அவருடைய பாடசாலைகள் இத்தாலியில் பெருகின. பிள்ளைகளுக்கு நல்லது நடக்குமென்றால் யார் தந்தால் என்ன என்று நினைத்திருக்கலாம். பிள்ளைகள் தாங்களாக யோசிக்கவேண்டும் என்ற முறையும், எல்லோரும் ஒரே குரலில் யோசிக்கவேண்டும் என்ற அரசும் ஒரே கூரையின் கீழ் பத்து வருடம்தான் தாக்குப்பிடித்தன. 1934 இல் இத்தாலியில் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் நாசிகள் ஏற்கெனவே மூடியிருந்தார்கள். அதிகாரத்தோடு கைகோத்துப் பிள்ளைகளைப் பாதுகாக்கலாம் என்ற நம்பிக்கை எங்களுக்கும் தெரிந்ததுதான். அவர் அதை விட வெகுகாலம் எடுத்துக்கொண்டார் என்பது என் அபிப்பிராயம்.

அதே 1934 இல் எண்கணிதத்தைப் பற்றிய அவருடைய பெரிய நூல் பார்சிலோனாவில் ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் அங்கேயும் உள்நாட்டுப் போர். 1936 இல் ஒரு பிரித்தானியக் கப்பலில் ஏறி வெளியேறினார். பிறகு நெதர்லாந்து. இப்படி வீட்டை விட்டுவிட்டு எழுந்து போவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

1939 நவம்பரில், 69 வயதில், மாரியோவோடு சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் ஜோர்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தார்கள். ஏறக்குறைய 300 பேர் அந்த முதல் பயிற்சிக்கு வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார். சில மாதங்களில் திரும்பிப் போவதாக ஏற்பாடு. 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. பிரித்தானிய இந்தியாவில் அவர்கள் இருவரும் ஒரே இரவில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமதுநகர் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். மரியாவை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். முசோலினியோடு முறித்துக்கொண்டு நாட்டைவிட்டே வந்தவர் என்பது யாருடைய கணக்கிலும் வரவில்லை. பிறந்த இடம் மட்டும் போதுமாயிருந்தது.

இரண்டரை மாதத்துக்குப்பின், ஓகஸ்ட் 31 அன்று, அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அரசு மாரியோவை விடுவித்தது. அதைத் தெரிவித்த தந்தியில் மாரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்கள். நாற்பத்திரண்டு வருடமாக அவர் பகிரங்கமாகச் சொல்லாத சொல்லை, அவரை எதிரியென்று அடைத்துவைத்த அரசு சொல்லிவிட்டது. முகாமிலிருந்து பிள்ளை திரும்பிவருவதற்காகக் காத்திருந்த தாய்மார் எங்களிடையே எத்தனை பேர். ஒரு சிலருக்குத்தான் அந்தத் தந்தி வந்தது.

போர்க்காலத்தில் சில வருடங்கள் கொடைக்கானலில் வாழ்ந்தார். அங்கே பல நாட்டுப் பிள்ளைகளைக் கொண்ட ஒரு சிறு பாடசாலையில், எங்கள் தீவைச் சேர்ந்த லீனா விக்ரமரத்ன என்ற ஆசிரியை அவரோடு வேலை செய்தார். பின்னாளில் அமெரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர் அவர். 1944 இல் மரியா இலங்கைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். எங்கள் பெயர்ப் பலகைகளில் அவருடைய பெயர் ஏறிய கதை அங்கேதான் தொடங்குகிறது. இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

1946 இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார், மறுபடி இந்தியா வந்தார். 1949, 1950, 1951 என்று மூன்று முறை நோபல் சமாதானப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் இறந்தார். 81 வயது. இறந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் இத்தாலி தன் 1000 லீரா தாளில் அவர் முகத்தை அச்சிட்டது. சில்லறைக் காசில் எண் சொல்லிக்கொடுத்தவரின் முகம் யூரோ வரும்வரை சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தது.

அவருடைய பெயரைத் தாங்கிய முன்பள்ளிகள் எங்கள் பக்கத்தில் நிறையவே இருக்கின்றன. சிலவற்றுக்குள் போய்ப் பார்த்தேன். சில இடங்களில் ஆசிரியைகள் சொற்பச் சம்பளத்தில் அன்போடும் பொறுமையோடும் வேலை செய்கிறார்கள். ஓரிடத்தில் மணிகள் அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தன, உடைந்துவிடும் என்பதால். பிள்ளைகள் நூறு வரை ஒப்புவித்தார்கள். பெற்றோர் அதைத்தான் கேட்கிறார்கள் என்று ஆசிரியை சொன்னார். அது பொய்யல்ல. அக்காவும் அதைத்தான் கேட்டாள். மூன்றாம் தரத்தில் பிள்ளை பின்தங்கினால் ரியூசனுக்கு விடக் காசில்லை என்ற பயம் அவளுடையது. விலை கூடிய மணிகள்தான் வேண்டுமென்றும் இல்லை. புளியங்கொட்டை இருக்கிறது, ஈர்க்கு இருக்கிறது. பத்து ஈர்க்கை ரப்பர் வளையத்தால் கட்டினால் பத்து. பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டினால் நூறு.

நாங்கள் இரண்டு கிழமையாக மாலையில் கொட்டைகளோடு இருந்தோம். முதல் நாட்களில் அவள் எப்போதும் ஒன்றிலிருந்துதான் எண்ணினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது கஷ்டம், மொன்டிசோரி தன் ஆசிரியைகளிடம் அதைத்தான் அதிகம் வற்புறுத்தினாராம், இப்போது ஏனென்று தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை எட்டையும் ஏழையும் வைத்தேன். அவள் ஏழிலிருந்து இரண்டு கொட்டைகளை விரலால் இழுத்து எட்டோடு சேர்த்தாள். பத்து என்றாள். மிச்சம் கிடந்த ஐந்தை அவள் எண்ணவில்லை, பார்த்தாள். பதினைந்து என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, வாய்பாட்டிலும் இதேதான் எழுதியிருக்கிறதா என்று பார்க்கக் கொப்பியை எடுக்க ஓடினாள்.